நாலு வரிச் செய்தி

தினப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்திலே, ஒரு மூலையிலே, தேடினால் மட்டும் கண்ணில் படுகிற நாலு வரிகள் உண்டு. குறுவட்ட ஹாக்கிப் போட்டியில் இன்ன ஊர் மேல்நிலைப் பள்ளி வெற்றி பெற்றது என்று தொடங்கி, மாணவர்களைத் தலைமை ஆசிரியர் பாராட்டினார் என்று முடிந்துவிடும். மேலே அரைப் பக்கத்துக்குக் கிரிக்கெட் வீரர் ஒருவர் மட்டையை உயர்த்திக்கொண்டு நிற்பார். கீழே நகைக்கடை விளம்பரம் ஜொலிக்கும். இரண்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் அந்த வரிகளைப் பெரும்பாலான நேயர்கள் படிப்பதில்லை. அதற்காக நாம் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அவற்றை எழுதுகிற கூட்டம் ஒன்று ஊருக்கு ஊர் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நாமும் ஒருவர் என்பதால், நம் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்லிக்கொள்ள அனுமதி வேண்டுகிறோம்.

கோவில்பட்டியை அடுத்த கரிசல் சீமையில் ஒரு சிற்றூருக்கு நாம் நிருபர். ஊர் நிருபர் என்றதும் நேயர்கள் பிரமாதமாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தேர்த் திருவிழா, நகரசபைக் கூட்டத்தில் வெளிநடப்பு, தீப்பெட்டித் தொழிலாளரின் கோரிக்கை, கிணற்றில் தவறி விழுந்த பசுவைத் தீயணைப்புப் படையினர் மீட்ட வீரச் செயல் ஆகிய எல்லாம் ஒரே தலையில் வந்து விழும். இவற்றோடு பள்ளிக்கூட விளையாட்டும் உண்டு. தலைமைக் காரியாலயத்தின் அபிப்பிராயத்தில் இவற்றுள் மிகச் சாமானியமான வேலை அதுதான். நம்முடைய அபிப்பிராயம் வேறு. பல வருஷங்கள் மைதான ஓரத்தில் நின்ற பிறகு, மற்ற வேலைகள் எல்லாவற்றையும்விட அதிகக் கவனத்தோடு செய்ய வேண்டிய வேலை அதுவே என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம்.

முதலில் போட்டிகளின் ஒழுங்கைச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளை 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவாக்கி, குடியரசு தின விளையாட்டுகள், பாரதியார் தின விளையாட்டுகள் என்ற பெயர்களில் போட்டிகள் நடத்துகிறார்கள். அடிப்படியில் குறுவட்டம், அதற்கு மேல் மாவட்டம், அதற்கும் மேல் மாநிலம். இந்த ஏணியில் ஏறுகிறவர்கள் சிலர். முதற்படியிலேயே இறங்கிப் போகிறவர்கள் பலர். குறுவட்டத்தில் ஒரு ஆட்டம் தோற்றால் அந்த விளையாட்டில் அந்த ஆண்டு முடிந்தது. பத்தொன்பது வயதுப் பிரிவில் தோற்ற பிள்ளைக்கு அநேகமாகப் பள்ளி வாழ்க்கையின் ஆட்டமே முடிந்தது.

இந்த ஆட்டங்கள் நடக்கும் இடத்தில் சலவைக்கல் படிகளையும் மின்சாரப் பலகையையும் தேடக் கூடாது. சுண்ணாம்புத் தூளால் கோடு கிழித்த மண் தரை. நிழலுக்கு இரண்டு வேப்ப மரங்கள். வெயில் காலத்தில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழையில் அதே மண் பாதத்தைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்று மன்றாடும். உடற்கல்வி ஆசிரியரே நடுவர், அவரே வைத்தியர், அவரே பொக்கிஷதார். இடைவேளையில் பிள்ளைகளுக்குத் தண்ணீரும், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் கிடைக்கும். ஒலிம்பிக் ஹாக்கி 1976-இல் மாண்ட்ரீல் நகரில் செயற்கைப் புல்தரைக்குப் போய்விட்டது. நம் பிள்ளைகளில் பலர் இன்னும் மண்ணில்தான் கற்கிறார்கள். பந்து எந்தக் கல்லில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஆடுகிறவனுக்கும் தெரியாது, தடுக்கிறவனுக்கும் தெரியாது. அந்த வகையில் இரு கட்சிக்கும் பூரண சமத்துவம் உண்டு.

நிற்க. இந்த மைதானத்தில் நிருபருடைய பிரதான வேலை என்ன? ஆட்டத்தை வர்ணிப்பது என்று நேயர்கள் நினைக்கலாம். நாலு வரியில் எதை வர்ணிப்பது? பிரதான வேலை பெயர்களைச் சரியாக எழுதிக்கொள்வது. இது சுலபம் என்று யாராவது சொன்னால், அவர் எங்கள் சீமைக்கு வந்ததில்லை என்று அர்த்தம். மாரியம்மன் அருளால் இங்கே ஒரு அணியில் மூன்று மாரியப்பன்களும் இரண்டு மாரிமுத்துகளும் இருப்பார்கள். சட்டையில் எண் இருந்தாலும் பிரயோஜனமில்லை. முதற் பாதியில் எட்டாம் எண்ணை அணிந்தவன், சட்டை கிழிந்து போனதால், பிற்பாதியில் பன்னிரண்டாம் எண்ணோடு வருவான். ஆகவே பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்து ஒன்றே கதி. எம். மாரியப்பன் வேறு, எஸ். மாரியப்பன் வேறு. அந்த எழுத்து தகப்பனாருடையது. தகப்பனார் இல்லாமல் வளர்ந்த சில பிள்ளைகள் தாயாரின் எழுத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். பெயருக்குப் பின்னால் சாதி வாலைத் தொங்கவிடாமல், முன்னால் பெற்றவரின் எழுத்தை மட்டும் தாங்கி நடப்பது தமிழ்நாட்டுக்கு வாய்த்த நல்ல வழக்கம். அந்த எழுத்து மாறினால், ஒரு வீட்டுப் பிள்ளையின் கோலை அடுத்த வீட்டுக்குத் தானம் செய்ததாகிவிடும். எனவே ஆசிரியர் கொடுக்கும் பட்டியலை அப்படியே நம்பாமல், பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவர் வாயாலும் பெயரைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்வதை நாம் வழக்கமாக வைத்திருக்கிறோம்.

ஒரு பெயருக்கு இத்தனை பிரயாசையா என்று கேட்கலாம். தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகும் ஒரு தாயாரின் வீட்டில், குடும்ப அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் நம் நாலு வரியும் கத்தரித்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறோம். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. எந்த இடத்தில் மகன் பெயர் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அந்த இடத்தில் விரலை வைத்து, "இதுதான சார்?" என்று கேட்டார். அரசாங்க வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடும், பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் 500 இடங்களும் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் அவை மேல் படிகளுக்கு ஏறி, அதற்குரிய சான்றிதழ் பெற்றவர்களுக்கு. பத்திரிகைத் துணுக்கைக் காட்டி யாரும் உத்தியோகம் கேட்க முடியாது. அந்தத் தாயாரும் அதை எதற்காகவும் யாரிடமும் காட்டப் போவதில்லை. உறவினர் அல்லாத, ஆசிரியர் அல்லாத, காசு வாங்காத மூன்றாம் மனிதர் ஒருவர், தம் பிள்ளை இன்ன நாளில் இன்ன காரியத்தை நன்றாகச் செய்தான் என்று ஊரறியச் சாட்சி சொல்லியிருக்கிறார். அந்தச் சாட்சியம்தான் உறைக்குள் இருக்கிறது.

சாட்சி சொல்வதென்றால் பொறுப்பும் கூடவே வருகிறது. எதைச் சொல்வது என்பதைப் போலவே எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் அதில் அடக்கம். மாவட்டப் போட்டி ஒன்றின் இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிஷத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. கோலுக்குச் சுமார் 6.4 மீட்டர் தூரத்தில் பந்து. எதிரே கோல்காப்பாளன் ஒருவன் மட்டும். அடித்தால் ஆட்டம் சமன், இல்லாவிட்டால் தோல்வி. பதினாறு வயதுப் பையன் அடித்தான். பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. பையன் மட்டையின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றான்.

அன்றிரவு காரியாலயத்திலிருந்து உதவி ஆசிரியர் கூப்பிட்டார். "ஸ்ட்ரோக்கைக் கோட்டைவிட்டது யார்? பெயரைக் காணோமே!" என்றார். பெயர் வேண்டாம் என்றோம். "உலகக் கோப்பையில் தவறவிட்டவன் பெயரைப் போடுகிறோமே, இதில் மட்டும் என்ன ரகசியம்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது, பதிலும் எளிதானது. உலகக் கோப்பையில் ஆடுகிறவர் வளர்ந்த மனிதர். ஆட்டத்தைத் தொழிலாக ஏற்று, புகழோடு பழியையும் சேர்த்துச் சம்மதித்து வந்தவர். பதினாறு வயதுப் பிள்ளை அப்படி எதற்கும் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் காலையில் அதே தெருவில் அவன் பால் வாங்கப் போக வேண்டும். கோல்களின் எண்ணிக்கையை நாம் மாற்றவில்லை, தோல்வியை மறைக்கவில்லை. கடைசி நிமிஷத்தில் கிடைத்த வாய்ப்பு கோலாகவில்லை என்பதையும் எழுதினோம். சிறப்பாக ஆடினால் பிள்ளையின் பெயர், தவறினால் அணியின் பெயர் என்பது நம் விதி. உதவி ஆசிரியர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

பிள்ளைகளிடம் இந்தத் தாட்சண்யம் என்றால் பெரியவர்களிடமும் அப்படியே என்று கருதிவிடக் கூடாது. 14 வயதுக்கு உட்பட்டோர் கபடிப் போட்டி ஒன்றுக்கு ஒரு பள்ளியிலிருந்து வந்த அணியில், அரும்பு மீசை அல்ல, முறுக்கிவிடத் தக்க மீசையோடு ஒருவன் இருந்தான். எதிரே ஒரு கிராமப் பள்ளியின் ஒல்லிப் பிள்ளைகள். பாடி வந்தவனை ஏழு பேரும் சேர்ந்து பிடித்தும், ஏழு பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஒரு சிறுவனுக்குத் தோள் பிசகிய பிறகு சிரிப்பு நின்றது. மற்ற இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்கள் எழுத்து மூலம் புகார் கொடுத்தார்கள். நாம் புகாரையும், அதற்கு அதிகாரிகள் கூறிய பதிலையும், அணியை அனுப்பிய பள்ளியின் பெயரையும் எழுதினோம். மீசைக்காரப் பையனின் பெயரை எழுதவில்லை. வயதுச் சான்று தயாரித்தது அவன் அல்லவே!

மறுநாள் ஊர்ப் பிரமுகர் ஒருவர் வீடு தேடி வந்தார். "நம்ம ஊர் மானத்தை நீங்களே இப்படிக் காற்றில் பறக்கவிடலாமா, அண்ணாச்சி?" என்று வருத்தப்பட்டார். ஊர்ப் பற்று மிக நல்ல குணம். தேசப் பற்றுக்கு அதுவே முதற் பாடம். ஆனால் தோள் பிசகிய சிறுவனும் இதே தேசத்துக் குழந்தை. அவனை ஏமாற்றித்தான் நம் மானம் வாழ வேண்டும் என்றால், அது இருந்தாலும் போனாலும் ஒன்றுதான் என்று தாழ்மையோடு தெரிவித்துக்கொண்டோம். அதன் பிறகு இரண்டு வருஷம் அந்தப் பள்ளியின் ஆண்டு விழாவில் நமக்கு நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே குறிப்பு எடுத்தோம். நிற்பது தேகத்துக்கு நல்லதென்று வைத்தியர்களும் சொல்லுகிறார்கள்.

பெண்களின் ஆட்டங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒரு சமயம் குறுவட்ட இறுதி ஆட்டத்தில், ஒரு பெண்கள் பள்ளி இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஹாக்கியில் வென்றது. இரண்டு கோலையும் போட்டவள் ஒரே பெண். ஆட்டம் முடிந்ததும் வழக்கப்படி வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கேட்டோம். அவள் முறை வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு, "சார், என் பேரை மட்டும் போட்டுறாதீங்க" என்றாள். சிறப்பு வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டு, மைதானத்துக்கு வந்திருக்கிறாள். தகப்பனார் லாரியில் சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளி. வயதுக்கு வந்த பெண் அரைக் கால்சட்டையோடு ஊர் நடுவே ஓடுவதாவது என்ற கட்சியைச் சேர்ந்தவர். பெயர் அச்சில் வந்தால் ஆட்டம் மட்டுமல்ல, படிப்பே நின்றுவிடும் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள்.

பெயரைப் போட்டால் அவள் பள்ளிக்கூடம் போய்விடும். போடாவிட்டால் அவள் செய்த காரியமே போய்விடும். இரண்டு கோலையும் காற்றா வந்து அடித்தது? யோசித்துக்கொண்டு நின்றபோது உடற்கல்வி ஆசிரியை குறுக்கிட்டார். "சார், ஒரு நாள் பொறுங்க. நீங்க எழுதினதை எனக்கு ஒரு தாளில் எழுதிக் குடுங்க, போதும்" என்றார். செய்தியை ஒரு நாள் பிடித்து வைப்பது பத்திரிகைத் தொழிலில் மகா பாபம். ஆனால் அந்த மைதானத்தில் நம்மைத் தவிர வேறு நிருபர் இல்லை. குறுவட்ட ஹாக்கியின் முடிவுக்காக லோகம் தூங்காமல் காத்திருக்கவும் இல்லை. நாலு வரியையும் எழுதிக் கொடுத்தோம்.

நடந்ததை மறுநாள் மாலையில் ஆசிரியை தொலைபேசியில் சொன்னார். அவர் அந்த வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, பீடிகை எதுவும் இல்லாமல் தாளைப் பிரித்து வாசித்திருக்கிறார். கதவுக்குப் பின்னால் தாயார் நின்றிருக்கிறார். பெண் வெளியே வரவில்லை. தகப்பனார் ஒன்றும் பேசவில்லையாம். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாராம். வாசித்த பிறகு கேட்டாராம்: "பிள்ளை பேருக்கு முன்னால என் எழுத்து இருக்கா, டீச்சர்?"

"இருக்குங்க."

"சரி, அப்பப் போடச் சொல்லுங்க."

அவ்வளவுதான் சம்பாஷணை. அந்த மனிதர் ஒரே நாளில் மனம் மாறிவிட்டார் என்று நாம் கதை கட்டப் போவதில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பவும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சம்மதித்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவர் மறுத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நாமே நம்மைக் கேட்டுக்கொண்டதுண்டு. பெயரை விட்டுவிட்டு எழுதியிருப்போம். படிப்பு பெரிது, அவள் கேட்டுக்கொண்டதும் பெரிது. செய்தி பொய்யாகியிருக்காது. ஆனால் ஊனமாகியிருக்கும். அந்த ஊனத்துக்கு எந்த வைத்தியமும் கிடையாது. செய்தி ஒரு நாள் தாமதமாக வெளிவந்தது. காரியாலயத்தில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெண் பிற்பாடு தேசத்துக்காக ஆடவில்லை. மாநில அணியிலும் இடம் பெறவில்லை. இன்னும் இரண்டு வருஷம் பள்ளிக்காக ஆடினாள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். இன்று ஓர் ஆஸ்பத்திரியில் செவிலியராக இருக்கிறாள்.

சிற்றூர் மைதானங்களிலிருந்து உச்சிக்குப் போனவர்கள் இல்லாமல் இல்லை. சேலம் ஜில்லாப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவின் திறமையை முதலில் கண்டுகொண்டவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரே. அவர் 2016-இல் ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்காக ஆடினார்கள். இந்தியா வெண்கலம் பெற்றது. 2025-இல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியே சென்னைக்கும் மதுரைக்கும் வந்தது. இப்படி ஒருவர் மேலே போனதும் பெரிய நகரங்களிலிருந்து நிருபர்கள் காமிராவோடு வந்து இறங்குவார்கள். அவருடைய பழைய பள்ளியையும் வீட்டையும் படம் பிடிப்பார்கள். நமக்கும் அதில் பெருமைதான். ஆயினும் நாலு வரிச் செய்தியின் நியாயம் அந்த ஒருவரில் இல்லை. அவருக்குச் சாட்சி சொல்ல உலகமே இருக்கிறது. அவரோடு ஒரே அணியில் ஆடிவிட்டு, பிறகு பஸ் நடத்துனராகவும், மளிகைக் கடைக்காரராகவும், செவிலியராகவும் ஆன மற்றப் பத்துப் பேருக்கு அந்த நாலு வரியைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, ஆட்டம் முடியுமுன்பே படம் வாட்ஸப்பில் ஊரைச் சுற்றிவிடுகிறதே, இனி உங்கள் நாலு வரி எதற்கு என்று ஒரு மாணவனே நம்மைக் கேட்டான். நல்ல கேள்வி. படங்கள் வருவதில் நமக்குச் சந்தோஷமே. அவற்றைப் பார்த்துத்தான் யார் எந்தச் சட்டை அணிந்திருந்தார் என்ற வழக்குகளைத் தீர்க்கிறோம். ஆனால் ஸ்டேட்டஸில் போட்ட படம் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். படத்தில் இருப்பவர்களின் பெயரும் அநேகமாக இராது. மேலும், தன் பிள்ளையைத் தானே மெச்சிக்கொள்வது ஒன்று. மைதான ஓரத்தில் வெயிலில் நின்ற அந்நியர் ஒருவர் விசாரித்து, எண்ணி, சரிபார்த்துச் சொல்வது வேறொன்று. இதை அந்த மாணவனிடம் சொன்னோம். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்போ என் இன்ஷியலைச் சரியா எழுதிக்கோங்க சார், கே இல்லை, ஜி" என்றான். எழுதிக்கொண்டோம்.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஒரு சனிக்கிழமைக் காலையில் உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்துப் பக்கம் போய் நில்லுங்கள். கட்டணம் கிடையாது, வேப்ப மர நிழல் இலவசம். எந்த அணிக்கு ஆதரவு தருவது என்று தெரியாவிட்டால், தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்காகக் கை தட்டுங்கள். அங்கே குறிப்புப் புத்தகத்தோடு ஒருவர், பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தால், அவரிடம் சிறிது பொறுத்துப் பேசுங்கள். இரண்டு மாரியப்பன்களுக்கு நடுவே அவர் எண்ணிக்கை தவறிவிடக் கூடாது.